ஆலை இரைச்சலும் அழியும் செவியும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை முன்வைத்துச் செவித்திறன் ஆய்வுகள் சொல்லும் பாடம்

மனிதரின் செவித்திறன் குறைவதற்குக் காரணங்கள் பல. கருவிலேயே மரபணுப் பிழையால் வருவதும், குழந்தைப் பருவத்தில் நடுச்செவியில் சீழ் பிடித்துச் செவிப்பறை ஓட்டையாவதால் வருவதும், சில நோய்களுக்குத் தரப்படும் வீரியமான மருந்துகளின் பக்கவிளைவாக வருவதும், முதுமையில் தானாகவே வருவதும் என அவை நீள்கின்றன. இவற்றுள் காரணம் ஐயமின்றித் தெரிந்ததும், தடுக்கும் வழி முழுமையாகத் தெரிந்ததும், வந்த பிறகு எந்த மருத்துவத்தாலும் பழைய நிலைக்கு மீட்க இயலாததுமான வகை ஒன்று உண்டு. வேலையிடத்து இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்புதான் அது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் பற்றிய உலக அறிக்கை, உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைந்திருப்பதாகவும், அவர்களுள் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தேவைப்படுவதாகவும் கணக்கிட்டது. இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, செவித்திறன் குறைபாடு உடையவர்களாக 50 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரைப் பதிவு செய்திருக்க, நடுவண் அரசின் காதுகேளாமைத் தடுப்புத் திட்டமோ குறிப்பிடத்தக்க பாதிப்புடையோர் 6.3 கோடிப் பேர் என்ற மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு மடங்கு இடைவெளி. ஒரு காது மந்தமானவர், பேச்சொலி தெளிவாகப் புரியாதவர், கூட்டத்தில் மட்டும் தடுமாறுபவர் எவரும் தம்மை மாற்றுத்திறனாளி என்று கணக்கெடுப்பாளரிடம் சொல்வதில்லை என்பதே இந்த இடைவெளிக்கு முதன்மையான விளக்கம். ஆலைத் தொழிலாளர்களின் செவிப் பாதிப்பும் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான் மறைந்து கிடக்கிறது.

பீங்கான் ஊரின் ஓசைகள்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், விருத்தகிரீசுவரர் கோயிலாலும் ரயில் சந்திப்பாலும் அறியப்படுவதைப் போலவே பீங்கான் தொழிலாலும் அறியப்படும் ஊர். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அகற்றப்படும் மேல்மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது; ஊரிலேயே பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கின்றன. மின்சார ஃபியூஸ் கட்டைகள், தேநீர்க் கோப்பைகள், கொலு பொம்மைகள், விளக்குகள் எனச் சிறு, குறுந்தொழிற்கூடங்கள் செய்தனுப்பும் பொருள்கள் பல வீடுகளில் புழங்குகின்றன.

பீங்கான் தொழில் என்றதும் தொழில்நலவியலாளர்களின் நினைவுக்கு முதலில் வருவது தூசிதான். படிகக்கல் தூள் நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயைப் பற்றி அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்நல நிறுவனம் குஜராத்தின் பீங்கான் தொழிலாளர்களிடையே நெடுங்காலமாக ஆய்வு செய்துவந்திருக்கிறது. தூசியைப் போல இரைச்சல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இருமலையோ வலியையோ தருவதில்லை. ஆகவே அது கவனத்திலிருந்து எளிதாக நழுவிவிடுகிறது.

பீங்கான் செய்முறையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஓசை இருக்கிறது. படிகக்கல்லையும் ஃபெல்ட்ஸ்பாரையும் மாவாக்கும் பால் மில், உட்புறம் கல் பதித்த இரும்பு உருளை. கூழாங்கற்களும் தண்ணீரும் சரக்கும் அதற்குள் ஒன்றாகச் சுழல, கற்கள் மேலேறி விழுந்து மோதும் ஓசை, ஒரு நிரப்புச் சரக்கு அரைபட்டு முடியும்வரை பல மணி நேரம் இடைவிடாமல் எழும். அரைத்த கூழைச் சலிக்கும் அதிர்வுச் சல்லடை, நீரைப் பிழிந்தெடுக்கும் ஃபில்டர் பிரஸ்ஸின் பம்பு, மெருகுக் கரைசலைத் தெளிப்பதற்கான காற்றழுத்தக் கம்ப்ரஸர், சூளைக்குக் காற்றூதும் புளோயர் ஆகியவை அதனோடு சேர்கின்றன. அச்சில் கூழ் வார்ப்பதும், பிசிறு நீக்குவதும், வண்ணம் தீட்டுவதும் தம்மளவில் ஓசையற்ற வேலைகள். ஆனால் இடவசதி குறைந்த சிறு கூடத்தில் பால் மில்லும் வார்ப்பும் ஒரே கூரையின்கீழ் அமையும்போது, எந்திரத்தைத் தொடாதவரின் காதும் எந்திரக்காரரின் காதோடு சேர்ந்தே இரைச்சலை வாங்குகிறது.

ஓசையின் வலுவை அளக்கும் அலகு டெசிபல். இது மடக்கை அளவு. அதாவது 3 டெசிபல் கூடினால் காதில் விழும் ஒலியாற்றல் இரு மடங்காகிறது, 10 கூடினால் பத்து மடங்காகிறது. இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். பால் மில்லின் அருகே 90க்கு மேற்பட்ட அளவு பதிவாவது தொழில்நலவியலில் வழக்கமான செய்தி. கருவி இல்லாத இடத்திலும் ஒரு சோதனை உண்டு: கையெட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அங்கே இரைச்சல் பெரும்பாலும் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம்.

உட்செவியில் நிகழ்வது

உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட எலும்புக் கூட்டுக்குக் காக்ளியா என்று பெயர். அதனுள் ஓடும் மெல்லிய சவ்வின்மீது ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒலியதிர்வில் இவற்றின் நுனி மயிர்கள் சாய்வதே நரம்பில் மின்குறிப்பாக மாறுகிறது. இந்த உறுப்பை நுண்ணோக்கியின்கீழ் கண்டு 1851இல் விவரித்தவர் இத்தாலியரான அல்ஃபோன்சோ கோர்ட்டி. சவ்வின் அடிப்பகுதி உயர் சுருதிக்கும் நுனிப்பகுதி தாழ் சுருதிக்கும் அதிர்கிறது என்பதை இறந்தோரின் காதுகளில் சோதித்துக் காட்டிய கியார்க் வான் பெக்கெஷி, அதற்காக 1961இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

அளவுக்கு மிஞ்சிய ஒலி மயிர்ச்செல்லை இரு வழிகளில் தாக்குகிறது. நுனி மயிர்களை வளைத்தும் முறித்தும் நேரடியாகச் சேதப்படுத்துவது ஒன்று. இடைவிடாத உழைப்பால் செல்லுக்குள் தீவிர வேதிப் பொருள்கள் பெருகி, ஓசை நின்று சில நாள்கள் கழிந்த பிறகும் செல்லைக் கொல்வது மற்றொன்று. மாலையில் வேலை முடிந்து வெளியே வருகையில் காது அடைத்தாற்போல் இருப்பதும், ரீங்காரம் கேட்பதும், மறுநாள் காலையில் அவை நீங்கிவிடுவதும் இந்தத் தாக்குதலின் முதல் அறிகுறிகள். காலையில் சரியாகிவிடுவதால் தொழிலாளி அதைப் பொருட்படுத்துவதில்லை. மருத்துவ உலகமும் நீண்ட காலம் அதைத் தற்காலிகக் களைப்பு என்றே கருதியது. அமெரிக்காவின் ஷாரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் இருவரும் 2009இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. இரைச்சலுக்குப்பின் செவித்திறன் அளவீடு பழைய நிலைக்குத் திரும்பிய எலிகளிலும், மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் சந்திகளில் கணிசமான பங்கு நிரந்தரமாக அழிந்திருந்ததை அவர்கள் கண்டனர். சோதனையில் தேறி, சந்தடியில் மட்டும் பேச்சைப் பிரித்தறிய முடியாமல் போகும் மறைவான செவித்திறன் இழப்பு என்னும் ஆய்வுத் துறை இதிலிருந்து வளர்ந்தது.

பறவைகளின் உட்செவியில் அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் முளைப்பதை 1980களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் நிறுவினர். மனிதருக்கு அந்த வரம் இல்லை. சூளையில் வெந்த பாண்டம் மீண்டும் களிமண்ணாகாததுபோல, இறந்த மயிர்ச்செல் மனிதக் காதில் மீள்வதில்லை.

கேட்கிறது, புரியவில்லை

இரைச்சலால் வரும் இழப்புக்குத் தனி முகவரி உண்டு. வெவ்வேறு சுருதிகளில் ஒருவருக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியைக் குறித்து வரையும் படமே ஆடியோகிராம் எனப்படும் செவித்திறன் வரைபடம்; இரைச்சலில் உழைத்தவரின் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுந்து, 8,000இல் கோடு மீண்டும் மேலேறும். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள காதுத் துளை 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைப் பெருக்கி உள்ளே அனுப்புவதும், சேதம் அதற்குச் சற்று மேலான சுருதியில் விழுவதும் இதற்குக் காரணங்கள். முதுமையால் வரும் இழப்பிலோ கோடு மேலேறாமல் சரிந்துகொண்டே போகும். ஆகவே தொடக்க நிலையில் எடுத்த வரைபடம், காது வயதால் கெட்டதா வேலையால் கெட்டதா என்று பிரித்தறியப் பெரிதும் உதவும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பள்ளம் அகன்று, முதுமைச் சரிவோடு கலந்துவிட்டால், இந்தச் சான்றும் அழிந்துபோகும்.

பேச்சில் உயிரொலிகள் வலுவானவை, தாழ் சுருதியில் அமைந்தவை. மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகளோ பெரிதும் உயர் சுருதியில், வலுக் குறைந்து ஒலிப்பவை. எனவே பள்ளம் விழுந்த காதுக்குப் பேச்சு கேட்கும். ஆனால் கத்தி என்றார்களா, கட்டி என்றார்களா, பத்து என்றார்களா, பட்டு என்றார்களா என்பது பிரியாது. குழந்தைகளின் குரலும், கடைத்தெருவில் சொல்லப்படும் விலையும், ரயில் நிலைய அறிவிப்பும் முதலில் மங்குகின்றன. செவித்திறன் சோதனைக்கு வருபவர்கள் கேட்கிறது, ஆனால் புரியவில்லை என்று சொல்வதன் உடலியல் இதுதான். வீட்டார் இதை அசட்டை என்றும் வேண்டுமென்றே கேளாமல் இருப்பது என்றும் எடுத்துக்கொள்ள, பாதிக்கப்பட்டவர் மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொண்டு ஒதுங்குகிறார். மறதி நோயைத் தடுப்பது பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம், 2020 அறிக்கையிலும் 2024 அறிக்கையிலும், மாற்றியமைக்கக்கூடிய அபாயக் காரணிகளுள் ஒன்றாக நடுவயதுச் செவித்திறன் இழப்பைச் சேர்த்திருக்கிறது.

பழைய நோய், பழைய அறிவு

தொழிலால் காது கெடும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. தொழில் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாட்சினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செம்பு அடிப்போரின் காது மந்தமாவதைப் பதிவு செய்தார். ஈயம் கலந்த மெருகால் குயவர்களின் கைகள் நடுங்குவதையும் அவரே விவரித்தார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் தாமஸ் பார், 1886இல் கொதிகலன் தொழிலாளர் 100 பேரின் செவியைச் சோதித்து, இரும்பு வார்ப்போரோடும் தபால்காரர்களோடும் ஒப்பிட்டு, கொதிகலன் தொழிலாளர்களின் நிலை மிக மோசம் என்று காட்டினார். ஒரே ஊரில் வாழும் மூன்று தொழிலினரை ஒப்பிட்டதால் வேலையின் பங்கு தனித்துத் தெரிந்தது. மின்சாரச் செவிச் சோதனைக் கருவிகள் வழக்கத்துக்கு வராத காலத்து மருத்துவர் ஒருவரால் செய்ய முடிந்த இந்த ஒப்பீட்டை, இன்று எந்தத் தொழில் ஊரிலும் செய்யலாம்.

பீங்கான் தொழிலுக்கு மேலும் ஒரு கவலை உண்டு. இரைச்சல் தனியாகச் செய்யும் தீங்கை வேறு சில பொருள்கள் பெருக்குகின்றன என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரியவந்தது. எரிபொருள் முழுமையாக எரியாத சூளையிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு, இரைச்சலோடு சேரும்போது உட்செவியை மிகுதியாகக் கெடுப்பதை விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. சில வகை மெருகுகளிலும் வண்ணங்களிலும் சேரும் ஈயம் நரம்பு மண்டலத்துக்கும் செவிக்கும் தீங்கானது. ஆகவே டெசிபலை மட்டும் அளந்து பீங்கான் தொழிலாளியின் அபாயத்தை முழுமையாகக் கணித்துவிட முடியாது. சூளைக் காற்றையும் மெருகின் கலவையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தமிழகம் சாதித்ததும் எஞ்சியதும்

செவித்திறன் ஆய்விலும் சிகிச்சையிலும் தமிழகம் பின்தங்கிய மாநிலமன்று. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கம் மிகுந்த மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்து சேரும்போது மட்டும் வெளிப்படும் பிறவிச் செவிட்டுத்தன்மை இங்கே அதிகமாக இருப்பதற்கு அது ஒரு காரணம். காக்ளியாவில் செல்களுக்கிடையே வாயில்களை அமைக்கும் ஜிஜேபி2 என்ற மரபணுவின் பிழைகளே பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு உலகெங்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பது 1997இல் தெரியவந்தது. அப்பிழைகளுள் இந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது டபிள்யூ24எக்ஸ் என்பதை 2003இல் பெங்களூரு ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு காட்டியது. ஐரோப்பாவின் ரோமா மக்களிடமும் அதே பிழை காணப்படுவது, இந்தியாவிலிருந்து அவர்கள் புறப்பட்டுச் சென்ற வரலாற்றுக்குத் துணைச்சான்றாகிறது. காது கேளாதோர் தமக்குள் மணம் செய்துகொண்ட தென்னிந்தியக் குடும்பங்களைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து ஆராய்ந்து, 2018இல் வெளியிட்ட முடிவுகளும் இம்மரபணுவின் பங்கை உறுதி செய்தன.

சிகிச்சையில் சென்னையின் மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனமும் அதன் நிறுவனர் மருத்துவர் மோகன் காமேஸ்வரனும் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவைச் சிகிச்சையை இந்தியாவில் பரப்பியதில் முன்னணியில் நின்றவர்கள். காக்ளியர் இம்பிளாண்ட் என்பது மயிர்ச்செல்லின் வேலையைத் தான் ஏற்று நரம்பை மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டும் கருவி. பல லட்சம் ரூபாய் ஆகும் இந்தச் சிகிச்சையைத் தமிழக அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்ததால், ஏழைக் குழந்தைகள் பலர் பேசக் கற்றார்கள். மரபணுச் சிகிச்சையும் வாசல் வரை வந்துவிட்டது: ஓட்டோஃபெர்லின் என்ற மரபணுவின் பிழையால் காது கேளாமல் பிறந்த குழந்தைகள் ஆறு பேருக்குச் சீனாவில் சிகிச்சையளித்ததில் ஐவருக்குச் செவித்திறன் மேம்பட்டதாக 2024இல் லான்செட் இதழில் செய்தி வெளியானது.

இவை பெருமைக்குரிய சாதனைகள். ஆனால் இவற்றில் எதுவும் ஆலைத் தொழிலாளிக்கானது அன்று. மரபணுச் சிகிச்சை மரபணுப் பிழையால் முடங்கிய செல்லைச் செயல்பட வைப்பது. இரைச்சலால் செத்த செல்லை அதனால் மீட்க முடியாது. இம்பிளாண்ட் ஏறத்தாழ முழுமையாகச் செவித்திறன் இழந்தவர்களுக்கு உரியது. உயர் சுருதியை மட்டும் இழந்தவருக்குக் கிடைப்பது காதொலிக் கருவிதான், அதுவும் இரைச்சலின் நடுவே பேச்சைத் தெளிவாகப் பிரித்துத் தருவதில்லை. எனவே அவருக்கான ஒரே மருத்துவம் தடுப்பு. அந்தத் தடுப்பு அறுவை அரங்கில் நடப்பதில்லை. ஆலைக்கூடத்தில்தான் நடக்க வேண்டும்.

சட்டம் தொடும் இடமும் தொடாத இடமும்

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமும் அதை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலை உச்ச அளவாக வைத்து, அதைத் தாண்டும் இடங்களில் வேலைக்குச் சேரும்போதும் அதன்பின் ஆண்டுதோறும் செவிச் சோதனை வேண்டும் என்கின்றன.

இந்த அளவே விவாதத்துக்குரியது. அமெரிக்கத் தேசியத் தொழில்நல நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு 85 டெசிபல்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதி நேரம் பாதியாக வேண்டும் என்பது அதன் கணக்கு. இந்திய விதியிலோ 5 டெசிபல் கூடினால்தான் நேரம் பாதியாகிறது. விளைவாக, 100 டெசிபல் இரைச்சலில் இந்திய விதி இரண்டு மணி நேரம் வேலை செய்ய அனுமதிக்க, அந்தப் பரிந்துரையோ 15 நிமிடமே அனுமதிக்கிறது. ஒலியாற்றல் இரட்டிப்பாவது 3 டெசிபலில்தான் என்பதால், அறிவியல் இரண்டாவது கணக்கின் பக்கமே நிற்கிறது.

அதைவிட முக்கியமானது சட்டத்தின் எல்லை. பழைய சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தி 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை; 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20 ஆகிவிட்டது. சிறு கூடங்கள் நிறைந்த ஓர் ஊருக்கு இதன் பொருள் கனமானது. 15 பேர் வேலை செய்யும் கூடத்தில் ஓடும் பால் மில்லும் 150 பேர் வேலை செய்யும் ஆலையில் ஓடும் பால் மில்லும் ஒரே ஓசையைத்தான் எழுப்புகின்றன. சிறிய கூடத்தில் சுவர் நெருக்கம் என்பதால் ஓசை எதிரொலித்துக் கூடவும் செய்யும். காதின் சேதம் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை.

செய்யக்கூடியவை

தடுப்பு முறைகளில் முதலிடம் எந்திரத்துக்கே. பால் மில்லைத் தனி அறையில் வைத்துக் கதவடைப்பது, கல் பதிப்புக்கு மாற்றாக ரப்பர் பதிப்பை இடுவது, தேய்ந்த பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் உரிய நேரத்தில் மாற்றுவது, கம்ப்ரஸரைக் கூடத்துக்கு வெளியே நிறுத்துவது ஆகியவை கூடத்தில் உள்ள அனைவரின் காதையும் ஒருசேரக் காப்பவை. பெருஞ்செலவில்லாமல் முதலில் செய்யக்கூடியது, பால் மில் ஓடும் நேரத்தில் அதன் அருகே வேறு வேலை வைக்காமல் முறை மாற்றுவது.

காதடைப்பான் கடைசி அரண். பஞ்சைத் திணிப்பதால் பெரிதாகப் பயன் இல்லை. தரமான காதடைப்பானும் இடைவிடாமல் அணிந்தால்தான் பயன் தரும்: 30 டெசிபல் குறைக்கக்கூடிய காதடைப்பானை எட்டு மணி நேர வேலையில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தாலும், அன்றைய மொத்தப் பாதுகாப்பு ஏறத்தாழ 12 டெசிபலாகச் சுருங்கிவிடும். சூளை வெப்பத்தில் வியர்த்து அரிக்கும் காதில் நாள் முழுவதும் அணிவது கடினம் என்பதால், தொழிலாளியின் மீது பொறுப்பைச் சுமத்திவிட்டு எந்திரத்தை அப்படியே விடுவது தடுப்பு ஆகாது.

அளவீடு இல்லாமல் இவற்றில் எதுவும் நிலைக்காது. விருத்தாசலத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனம் ஊரிலேயே இருப்பதால், ஒலியளவு மானியைக் கையாளவும் கூடத்தின் இரைச்சல் வரைபடத்தைத் தயாரிக்கவும் மாணவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே பயிற்சி தரலாம்; அவர்களே நாளை கூடங்களின் மேற்பார்வையாளர்களாகவும் உரிமையாளர்களாகவும் வருபவர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடிச் சென்று சோதிக்கிறது. தொழிற்பேட்டைகள் உள்ள ஊர்களில் அதனோடு செவிச் சோதனையையும் சேர்க்கலாம். ஒலிபுகா அறை இல்லாத இடத்தில், இரைச்சலின் நடுவே எண்களைக் கேட்டுச் சொல்லும் சோதனை உதவும். 2000களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் தொலைபேசி வழியே மக்கள் தாமே செய்துகொள்ளும்படி இது அமைக்கப்பட்டது. தமிழ் எண்களைக் கொண்டு அமைந்த அத்தகைய சோதனை, கேட்கிறது ஆனால் புரியவில்லை என்னும் நிலையைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடும். அதில் தேறாதவரை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி, ஓர் இரவாவது ஓய்வு கொடுத்த காதில் முழுமையான வரைபடம் எடுக்க வேண்டும்.

வேலைக்குச் சேரும் நாளில் எடுத்த வரைபடம் ஒன்றே பிற்காலத்தில் தொழிலாளியின் இழப்பீட்டு உரிமைக்கும், உரிமையாளரின் நியாயத்துக்கும், ஆய்வாளரின் முடிவுக்கும் பொதுவான சான்றாக நிற்கும். அதை எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். பிறவியில் காது கேளாத குழந்தைக்காகப் பல லட்சம் ரூபாயை மனமுவந்து செலவிடும் ஒரு சமூகம், நல்ல காதோடு வேலைக்கு வந்தவர் அதே காதோடு ஓய்வு பெறுவதற்கு அந்தச் சில நிமிடங்களை ஒதுக்குவது சலுகையன்று, கடமை. அந்தக் கடமைக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு எதுவும் இருக்கக் கூடாது.